அலகும் கட்டையும் பொருந்தும்வரை: ஒரு பழைய கன்னாவைச் சீர்செய்த பதிவு

மே மாதம் இரண்டாம் ஞாயிறு, காலை பத்து மணி இருக்கும். 60 செ.மீ. நீளமுள்ள ஹினோகி (ஜப்பானியச் சைப்ரஸ் மரம்) சட்டத்தின் மேல் கன்னாவை இழுத்தேன். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை எங்கேயும் அறுபடாமல், சட்டத்தின் 45 மி.மீ. அகலத்துக்கும் ஒரே சுருளாக வந்தது. கன்னாவின் அடியில் கூர் எட்டிப்பார்க்கும் திறப்பான வாயிலிருந்து எழும்பி, இரும்பின் மேல் சரிந்து, என் மணிக்கட்டின் மேல் விழுந்தது. மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்த்தேன்: 18 மைக்ரான். பிப்ரவரியில் வாங்கிய கருவி இது. நடுவில் இரண்டு தடவை இதைக் கைவிட்டுவிடலாம் என்றே தோன்றியது. எங்கே வழி தவறினேன், எதைச் செய்ததும் சரியானது என்பதையெல்லாம் மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன்.

கன்னா என்பது ஜப்பானிய இழைப்புளி. நம் ஊர் இழைப்புளியைத் தள்ளுவோம். இதைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். கைப்பிடி இல்லை, திருகு இல்லை, தனியாக ஆப்பும் இல்லை. ஓக் மரக் கட்டை ஒன்று, அலகு ஒன்று, அலகின் மேல் படியும் இரண்டாவது இரும்பு ஒன்று, அதைப் பிடித்துக்கொள்ளக் குறுக்கே ஓர் ஆணி. அவ்வளவுதான். அலகின் தலைப்பக்கம் தடித்தும் கூர்ப்பக்கம் மெலிந்தும் இருப்பதால் அலகேதான் ஆப்பு. கட்டைக்குள் வெட்டிய சரிவுக்கும் இரு பக்கக் காடிகளுக்கும் இடையே அது தானாக இறுகி நிற்கிறது. இந்த ஒரு விஷயத்தை முதலிலேயே முழுசாகப் புரிந்துகொண்டிருந்தால் எனக்கு ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

வாங்கியது கியோத்தோ தோஜி கோயில் சந்தையில். மாதாமாதம் 21ஆம் தேதி கோயில் வளாகம் முழுக்கக் கடை போடுவார்கள். நான் இருப்பது கோபேயில். ரயிலில் ஒரு மணி நேரம். நீலத் தார்ப்பாயின் மேல் துருப்பிடித்த ரம்பங்களுக்கும் உளிகளுக்கும் நடுவே இது கிடந்தது. கடைக்காரர் 2,000 யென் சொன்னார், 1,500க்குக் கொடுத்தார். அளவு ‘சுன்ஹச்சி’. ஒரு சுன் எட்டு பு என்று பொருள். கணக்குப்படி அது 54.5 மி.மீ.தான் வர வேண்டும். ஆனால் இந்தப் பெயரில் விற்கும் கன்னாவின் அலகு 70 மி.மீ. அகலம் இருக்கும். என்னுடையதும் சரியாக 70. கட்டை 275 மி.மீ. நீளம். வாங்கும்போது இரண்டைத்தான் பார்த்தேன்: கட்டையில் வெடிப்பு இருக்கிறதா, அலகில் எஃகு எவ்வளவு மிச்சம் இருக்கிறது. அலகு முழுவதும் எஃகு அல்ல. மென்மையான இரும்பின் மேல் மெல்லிய எஃகுத் தகட்டை உலையில் வைத்துச் சேர்த்து அடித்தது. பக்கவாட்டில் பார்த்தால் இரண்டும் சேரும் கோடு தெரியும். இதில் எஃகு இன்னும் 30 மி.மீ.க்கு மேல் மிச்சம் இருந்தது. இன்னொருவர் ஆயுளுக்குப் போதும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் சிக்கல்: அலகு வெளியே வரவில்லை. கன்னாவில் அலகைக் கழற்றக் கட்டையின் பின்முனையைத் தட்ட வேண்டும். அந்த அதிர்ச்சியில் அலகு தானாக மேலே ஏறும். நான் நடுவில் தட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் ஓய்வுபெற்ற தச்சர் ஒருவர் இருக்கிறார், கோயில் வேலையெல்லாம் பார்த்தவர். சத்தம் கேட்டு மேலே வந்துவிட்டார். “நடுவில் அடித்தால் கட்டை பிளந்துவிடும். வலது மூலை, இடது மூலை என்று மாற்றி மாற்றித் தட்டுங்கள். அலகு சாய்ந்திருக்கும் திசையிலேயே தட்டுங்கள்” என்று சொல்லி, என் கையிலிருந்த இரும்புச் சுத்தியலை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, ஒரு மரக் கொட்டாப்புளியை எடுத்துவந்து கொடுத்தார். நாற்பது தட்டு தட்டியிருப்பேன். அலகு ‘கிர்ர்’ என்று ஒரு சத்தத்தோடு நகர்ந்தது. காரணம் அப்புறம்தான் தெரிந்தது. கட்டை பல வருடம் காய்ந்து அகலத்தில் சுருங்கி, காடிகளின் பக்கச்சுவர் அலகை இருபுறமும் நெரித்துக்கொண்டிருந்தது. அலகு அகலவாக்கில் தளர்வாக இருக்க வேண்டும். இறுக்கம் தடிமனில்தான் வர வேண்டும். 3 மி.மீ. உளியால் காடியின் பக்கச்சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, ஒவ்வொரு புறமும் 0.7 மி.மீ. இடைவெளி கொடுத்தேன். அந்த இடைவெளி இருந்தால்தான் அலகைப் பக்கவாட்டில் தட்டிக் கோணம் திருத்தவும் முடியும்.

அடுத்தது துரு. இங்கேதான் முதல் தவறு. அலகின் முன்முகம், அதாவது சரிவின் மேல் படியும் பக்கம், கறுப்பும் சிவப்புமாக இருந்தது. 240 உப்புத்தாளை எண்ணெயில் நனைத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். பளபளப்பு வர வர ஆசை கூடியது. இரண்டு மணி நேரம் தேய்த்தேன். அலகிலிருந்த முத்திரையில் படிக்கத் தேறிய ஒரே எழுத்தும் மங்கிப்போனது. அது வருத்தம்தான். ஆனால் உண்மையான நஷ்டம் வேறு. அதைப் பொருத்தும் கட்டத்தில் சொல்கிறேன். உதிரும் துருவை மட்டும் எடுத்துவிட்டுக் கெட்டியாகப் படிந்த கறுப்பை அப்படியே விட்டிருக்க வேண்டும்.

பின்முகத்துக்கு வருவோம். ஜப்பானிய அலகின் பின்முகத்தில் நடுவே ஒரு குழிவு இருக்கும். கூர் ஓரத்தை ஒட்டி மட்டும் ஒரு மெல்லிய தட்டையான பட்டை. அதை ‘இதோஉரா’ என்பார்கள். ‘இதோ’ என்றால் நூல். நம் ஆசாரிகள் அளவாகச் சொல்லும் நூல், அதாவது அரைக்கால் அங்குலம், அல்ல. நிஜ நூல் போல மெலிதாக இருக்க வேண்டும் என்ற பொருளில். என் அலகில் அந்தப் பட்டையே இல்லை. முன்பு வைத்திருந்தவர் தீட்டித் தீட்டிக் குழிவுக்குள்ளேயே வந்துவிட்டார். போதாததற்குக் கூர் இருந்த இடத்தில் துரு அரித்த குழிகள். முதலில் 400 வைரத் தகட்டில் கூரை 2 மி.மீ. பின்னுக்குத் தேய்த்துக் குழிகளைத் தாண்டினேன். மின்சாணை வைத்தால் பத்து நிமிட வேலை. ஆனால் எஃகு சூடேறிப் பதம் போய்விடும் என்று தொடவில்லை.

அப்புறம் ‘உராதாஷி’. சாய்முகத்திலுள்ள, அதாவது கூருக்காகச் சாய்வாகத் தீட்டிய முகத்திலுள்ள, மென்இரும்பைச் சுத்தியல் மூலையால் தட்டித் தட்டி, அடியிலுள்ள எஃகைக் கூர்ப்பக்கமாக மெல்ல வளைப்பது. வளைந்த பகுதியைத் தேய்த்தால் புதுப் பட்டை கிடைக்கும். தட்ட வேண்டியது மென்இரும்பில் மட்டுமே. எஃகில் பட்டால் விரிசல் நிச்சயம். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், முப்பது தட்டுக்கு அப்புறம் ஒன்றும் நகராததுபோல் இருக்கவே, கூருக்குக் கொஞ்சம் பக்கத்தில், கொஞ்சம் பலமாக ஒரு அடி வைத்தேன். ‘டிக்’ என்று சின்னச் சத்தம். இடது மூலையிலிருந்து பிறைபோல ஒரு சில்லு, 2 மி.மீ. ஆழத்துக்குப் போயிருந்தது. அன்றைக்கு அதை அப்படியே துணியில் சுற்றிவைத்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்துத்தான் மறுபடி எடுத்தேன். சில்லைத் தாண்ட மூன்று சாயங்காலம் தேய்க்க வேண்டியிருந்தது. இரண்டாம் முறை தட்டும்போது எஃகும் இரும்பும் சேரும் கோட்டுக்கு மேலே பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். அதற்குக் கீழே சுத்தியல் போகக் கூடாது. சிறு பட்டறைக்கல்லின் விளிம்பில் பின்முகத்தை வைத்து, தட்டும் இடத்துக்கு நேர் கீழே தாங்கல் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்து, 120 கிராம் சுத்தியலின் எடை தானாக விழும் அளவுக்கே தட்டினேன். நூற்றைம்பது தட்டு இருக்கும். சாய்முகத்தில் அம்மைத் தழும்பு போலப் புள்ளிகள் வரிசையாக விழுந்தன. மட்டக்கோலை வைத்துப் பார்த்தால் கூர் ஓரம் மயிரிழை உயர்ந்திருந்தது.

அதைத் தேய்த்துத் தட்டையாக்குவது ‘உராஒஷி’. அதற்கு ஓர் இரும்புத் தட்டும் அரைக்கும் பொடியும் வேண்டும். ஹியோகோ மாநிலத்தின் மிகி நகரம் கோபேக்குப் பக்கம்தான். கன்னா, உளி, ரம்பம், கொத்தனார் கரண்டி என்று கைக்கருவி செய்வதற்கே பேர்போன ஊர். அங்கே நெடுஞ்சாலை ஓய்விடத்தில் கருவிகளுக்கென்றே ஒரு விற்பனைக்கூடம் இருக்கிறது. தட்டு 3,800 யென், சிலிக்கன் கார்பைடு பொடி 600 யென். ஒரு சிட்டிகைப் பொடி, நான்கைந்து சொட்டுத் தண்ணீர். அலகின் மேல் ஒரு மரக்குச்சியை வைத்து, உடம்பின் பாரத்தை அதில் இறக்கித் தேய்க்க வேண்டும். முதலில் ‘கரகர’ என்று கேட்கும். பொடி நொறுங்க நொறுங்க அது ‘சர்ர்’ என்று மாறும். தண்ணீர் வற்றும் தறுவாயில் சத்தமே அடங்கிவிடும். அப்போதுதான் எஃகில் கண்ணாடிப் பளபளப்பு ஏறுகிறது. நான்கு சுற்று, தலா பதினைந்து நிமிடம். 1.5 மி.மீ. அகலத்தில் பட்டை கோடிக்குக் கோடி முழுசாக வந்தது. இந்த மொத்த வேலையிலும் எனக்கு மிகப் பிடித்த கட்டம் இதுதான்.

சாய்முகத்தைத் தீட்டியதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 28 டிகிரி, 1000 நீர்க்கல், 6000 நீர்க்கல். அங்கே அலகு 7 மி.மீ. தடிமன் என்பதால் சாய்முகம் 15 மி.மீ. அகலம்; கல்லில் வைத்தால் தானாகவே படிந்து நிற்கிறது. வழிகாட்டிச் சக்கரம் எதுவும் தேவைப்படவில்லை.

சரி, கூர் தயார். அலகைக் கட்டைக்குள் விட்டுத் தட்டினால், இறுக வேண்டிய இடத்தில் இறுகாமல் நேரே வாய்க்கு வெளியே 3 மி.மீ. நீட்டிக்கொண்டு நின்றது. கழற்றி அளந்தேன். தலையில் 9.5 மி.மீ., சாய்முகம் தொடங்கும் இடத்தில் 7 மி.மீ., நடுவே 75 மி.மீ. தூரம். அதாவது 30க்கு 1 என்ற சரிவு. முன்முகத்தில் 0.1 மி.மீ. தேய்த்தால் அலகு 3 மி.மீ. கீழே இறங்கும். அந்த இரண்டு மணி நேர உப்புத்தாள் வேலை எடுத்தது அந்த 0.1தான். கீழ்த்தளத்துப் பெரியவரிடம் காட்டினேன். அலகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “துருவும் சேர்ந்துதான் இத்தனை வருடம் பொருந்தியிருந்தது” என்றார்.

அவர் சொன்ன வைத்தியம் எளிது. சரிவின் மேல் தாள் ஒட்டு. ஷோஜி என்னும் தாள் கதவுக்கு ஒட்டும் தாள் அவர் வீட்டில் இருந்தது, 0.1 மி.மீ. தடிமன். பசைக்கு வெந்த சோற்றைப் பலகையில் போட்டுத் தட்டையான குச்சியால் நசுக்கி நசுக்கி இழைத்தார். ‘சொகுயி’ என்று பெயர். மரவேலைக்காரர்கள் காலங்காலமாகப் பயன்படுத்தும் பசை. பட்டத்துக்குச் சோற்றுப் பருக்கை தேய்த்து வளர்ந்தவனுக்கு அதைப் பார்த்ததும் ஒரு சந்தோஷம். ஒட்டி ஒருநாள் காயவிட்டோம்.

அதற்கு மேல் பொருத்துவது பொறுமை வேலை. அலகின் முன்முகத்தில் மென்பென்சிலைப் பூசி, கட்டைக்குள் தட்டி இறக்கி, கழற்றிப் பார்க்க வேண்டும். சரிவில் எங்கே கறுப்பு ஒட்டியிருக்கிறதோ அங்கே முட்டுகிறது. அந்தப் புள்ளியை மட்டும் உளியால் வருடினாற்போல் எடுக்க வேண்டும். முதல் தடவை இடது மேல்மூலையில் ஒரு திட்டு, வலது கீழே ஒரு திட்டு. இரண்டு புள்ளியில் மட்டும் அலகு உட்கார்ந்திருந்தது. இப்படி இருந்தால் இழைக்கும்போது அலகு அதிரும், மரத்தில் அலை அலையாகக் கோடு விழும். இருபத்தாறு தடவை போட்டுக் கழற்றினேன். கடைசியில் சரிவு முழுக்கச் சாம்பல் பூத்தாற்போல் சமமாகக் கறுப்பு படிந்தது. கையால் அழுத்தினால் கூர் வாய்க்கு 3 மி.மீ. உள்ளே நிற்கிறது, மீதியைச் சுத்தியலால் தட்டித்தான் இறக்க வேண்டும். அதுதான் சரியான இறுக்கம்.

இரண்டாவது இரும்பு அலகின் மேல் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு மூலையை விரலால் தட்டினால் ‘டக் டக்’. அதன் மேல் மூலைகள் இரண்டும் காது போல மடித்திருக்கும். வலது காதைப் பட்டறைக்கல்லில் வைத்து மூன்று தட்டு தட்டியதும் சத்தம் நின்றது. முனையில் 60 டிகிரியில் 0.3 மி.மீ. சின்னச் சாய்வு ஒன்று கொடுத்தேன். கூருக்கும் இதன் முனைக்கும் இடைவெளி 0.3 மி.மீ. வைக்கிறேன். ரேகை புரண்ட மரத்தில் பிய்ந்து வராமல் காப்பது இதுதான்.

கடைசியாகக் கட்டையின் அடிப்பக்கம். இங்கே அடுத்த தவறு. கண்ணாடிப் பலகையில் உப்புத்தாளை ஒட்டி அதன் மேல் கட்டையைத் தேய்த்தேன், அலகையும் கழற்றிவிட்டு. இரண்டுமே தப்பு. உப்புத்தாளின் துகள் ஓக் மரத்தின் துளைகளில் பதிந்துகொண்டது. அடுத்த நாள் இழைத்துப் பார்த்தபோது கூரில் நுண்ணிய பற்கள். அதைவிட, அலகு ஆப்பாக உள்ளே இறங்கும்போது கட்டை லேசாக விரிகிறது. அலகில்லாமல் தட்டையாக்கிய அடிப்பக்கம், அலகைப் போட்டதும் வாய்க்குப் பின்னால் 0.08 மி.மீ. புடைத்துக்கொண்டது, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜில் பார்த்தேன். வேலை செய்யும் இறுக்கத்தில் அலகை வைத்து, கூரை மட்டும் ஒரு மி.மீ. உள்ளே இழுத்துக்கொண்டுதான் அடிப்பக்கத்தைச் சரிசெய்ய வேண்டும்.

பெரியவர் தன் ‘தாய்நாவோஷி’ கன்னாவை இரவல் கொடுத்தார். இதில் அலகு சாயாமல் செங்குத்தாக நிற்கும், சீவாது, சுரண்டும். கட்டையின் ரேகைக்குக் குறுக்கே இழுக்க வேண்டும். மாவு போன்ற தூள்தான் வரும். அடிப்பக்கம் முழுக்கத் தட்டையாக இருக்கக் கூடாது என்பதும் அப்போதுதான் பழகியது. மெருகு வேலைக்கான கன்னா இரண்டு இடத்தில் மட்டும் மரத்தைத் தொட வேண்டும்: நம் பக்கமிருக்கும் முனையிலும், வாய்க்குச் சற்று முன்னாலும். இடைப்பட்ட பகுதியை ஒரு தாள் தடிமனுக்குக் குழித்தேன். வாய்க்குப் பின்பக்கமும் கொஞ்சம் ஒதுங்கியிருக்க வேண்டும். மட்டக்கோலை நீளவாக்கில் இரண்டு ஓரம், நடு, குறுக்கு மூலைகள் என்று வைத்து, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து வெளிச்சம் எங்கே கசிகிறது என்று பார்ப்பேன். தொட வேண்டிய இரண்டு இடத்தில் இருட்டு, மற்ற இடத்தில் மெல்லிய வெளிச்சக் கோடு.

அப்படியும் முதல் சுருள் இடது மூலையில் அடைத்துக்கொண்டது. பத்து இழுப்புக்கு ஒருமுறை குச்சியால் நோண்ட வேண்டியிருந்தது. கூரின் அகலம் வாயின் அகலத்தைவிடக் கூடுதலாக இருந்ததுதான் காரணம். கூரைப் பின்னுக்குத் தேய்த்துக்கொண்டே வந்ததில் பழைய மூலைவெட்டு போய்விட்டது. கூரின் ஓரம் காடிக்குள் ஒளிந்துகொண்டு அங்கேயும் மரத்தை வெட்டுகிறது. அந்தச் சீவலுக்குப் போக வழியில்லை. இரண்டு மூலைகளையும் சாய்வாக 2.5 மி.மீ. தேய்த்து, கூர் வாய்க்குள் அடங்கும்படி செய்தேன். அதற்கு அடுத்த இழுப்பில் வந்ததுதான் மேலே சொன்ன சுருள். மெல்லிய சுருளுக்கென்றே ஜப்பானில் ‘கெசுரோகாய்’ என்று கூடிப் போட்டி போடுகிறார்கள். அங்கே 10 மைக்ரானுக்குக் கீழே சர்வசாதாரணம். ஆனால் என் மேசைப் பலகைக்கு 18 மைக்ரான் தாராளம். இழைத்த ஹினோகியைத் தொட்டால் ஈரம்போலக் குளிர்ச்சியாக இருக்கிறது. உப்புத்தாள் போட்ட மரத்தில் இந்தத் தொடுகை கிடைத்ததே இல்லை.

செலவு: கன்னா 1,500, இரும்புத் தட்டு 3,800, பொடி 600, கமேலியா எண்ணெய் 900, தட்டைச் சுரண்டி 1,400. ஆக 8,200 யென். நீர்க்கற்களும் வைரத் தகடும் முன்பே இருந்தன. சுரண்டியை வாங்கியிருக்கவே வேண்டாம். தாய்நாவோஷி கைக்கு வந்தபிறகு அதைத் தொடவே இல்லை.

அடுத்த கன்னாவுக்கு வரிசையை மாற்றுவேன். அலகைக் கழற்றும் முன்பே, அது கட்டையில் எந்த உயரத்தில் இறுகி நின்றது என்று பென்சிலால் குறித்துவைப்பேன். முன்முகத்தில் உப்புத்தாளே படாது. எஃகுக் கோட்டை முதலிலேயே குறித்துவிட்டுத்தான் சுத்தியலைத் தொடுவேன். வாய் கூருக்கு முன்னால் 1.5 மி.மீ. திறந்திருக்கிறது, இரண்டாவது இரும்பு நன்றாகப் படிந்தபின் அது தொந்தரவாக இல்லை. ஆனாலும் வாய்க்கு முன்னால் கடினமரத் துண்டு ஒன்றைப் பதித்து அதைக் குறுக்கிப் பார்க்க ஆசை இருக்கிறது.

ஜூன் மாதம் மழை தொடங்கியதும் ஒருநாள் எடுத்து இழுத்தேன். சுருள் நடுவில் கிழிந்தது. கூர் நன்றாகவே இருந்தது. மட்டக்கோலை வைத்துப் பார்த்தால், நம் பக்க முனையின் இடது மூலையில் வெளிச்சம் கசிந்தது. ஈரத்தில் கட்டை முறுக்கிக்கொண்டிருந்தது. இந்த முறை பெரியவரிடம் போகவில்லை. கூரை ஒரு மி.மீ. உள்ளே இழுத்து, இரவல் தாய்நாவோஷியால் வலது மூலையை இருபது நிமிடம் சுரண்டினேன். மறுபடி கோடிக்குக் கோடி வந்தது; 20 மைக்ரான். அந்தச் சுருளையும் தாய்நாவோஷியையும் எடுத்துக்கொண்டு கீழே போனேன். சுருளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “தாய்நாவோஷி உங்களிடமே இருக்கட்டும். செப்டம்பரில் கட்டை காயும்போது மறுபடி வேண்டியிருக்கும்” என்றார்.